துணிப்பைக்குள் ஒரு மணி நேரம்

பன் தானாக வெளியே வந்து தின்னத் தொடங்கும் வரைக்கும் துணிப்பையைத் திறக்கவே கூடாது, மேலாக விரலால் தடவிக்கூடப் பார்க்கக் கூடாது என்று மதுரையிலிருந்து பானு அக்கா சொல்லிவிட்டுப் போனை வைத்தபோது மணி ஐந்தே முக்கால். இப்போதுதான் கோயிலில் ஆறு மணி அடித்து ஓய்ந்திருக்கிறது. கால் மணி நேரம்தான் ஆகியிருக்கிறது, அதற்குள் எத்தனை தடவை எழுந்து எழுந்து உட்கார்ந்தாயிற்று. ஜெசிந்தா கூண்டுக்கு நாலடி தள்ளி பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தாள். மடியில் முப்பத்து மூன்று நாள் பிள்ளை, வாயை லேசாகத் திறந்துகொண்டு தூங்குகிறது. கூண்டின் மேல்கம்பியில் கொக்கி போட்டுத் தொங்குகிறது பச்சைத் துணிப்பை. அதற்குள் நாலு உயிர். அல்லது மூன்று. எதுவென்று தெரியாமல்தான் உட்கார்ந்திருக்கிறாள். பன் என்பது பெண், பட்டர் என்பது ஆண். புருஷன் ரெக்ஸன் வைத்த பெயர்கள். கப்பலில் ஆறு மாதம் கிடந்துவிட்டு வரும் மனுஷனுக்குத் தின்பண்டத்தைத் தவிர வேறு பெயர் தோன்றாது போல. கல்யாணத்துக்கு முன்னாலேயே பானு அக்காவிடம் வாங்கிய சுகர் கிளைடர் ஜோடி. உள்ளங்கையில் அடங்கும் சாம்பல் உடம்பு, முதுகில் ஒரு கறுப்புக் கோடு, முகம் முழுக்கக் கண். கைக்கும் காலுக்கும் நடுவே மடிந்து கிடக்கிற தோலை விரித்தால் அலமாரி உச்சியிலிருந்து ஜன்னல் திரை வரைக்கும் மிதந்தே போய்விடும். பகலெல்லாம் அந்தப் பைக்குள் தூக்கம், பொழுது சாய்ந்தால் விழிப்பு. பிரசவத்துக்குத் தாய்வீடு வரும்போது ஆஸ்பத்திரிப் பையை ஒரு கையிலும் இந்தக் கூண்டை ஒரு கையிலும் தூக்கிக்கொண்டு அவள் ஆட்டோவிலிருந்து இறங்கியதைப் பார்த்து அம்மா வாசலிலேயே நின்று, “சீர்வரிசை ஒண்ணும் குறையில்ல போ” என்றாள். அதெல்லாம் சிரித்துக்கொண்டிருந்த காலம். இரண்டு மாதம் கூட ஆகவில்லை. ஆள்காட்டி விரலைப் பிள்ளையின் மூக்குக்குக் கீழே கொண்டுபோனாள். சூடாக ஒரு இழை பட்டது. இருக்கிறது. விரலை எடுத்தாள். எடுத்த உடனே, பட்டது நிஜமாகவே மூச்சா, மின்விசிறிக் காற்றா என்று தோன்றியது. மறுபடி வைத்தாள்.

துவைத்தது தப்பு. துவைக்கும்போது தப்பு என்று தெரியாதது இன்னொரு தப்பு. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று புதன்கிழமையிலிருந்தே வீடு கழுவி விடப்பட்டுக்கொண்டிருந்தது. திரை, தலையணை உறை, மேசை விரிப்பு, எல்லாம் லோஷன் கலந்த வெந்நீரில் முங்கி வெயிலில் காய்ந்தன. பெரிய ஆட்கள் வருவார்கள், இந்த மூலையில் மட்டும் ஒரு விலங்கு வாடை அடிக்கக் கூடாது என்று இன்று காலை பச்சைப் பையை அவிழ்த்தாள். நாலையும் ஒரு தலையணை உறைக்குள் மாற்றினாள். அந்த உறையும் முந்தின நாள் துவைத்ததுதான். பையை அவளே கையால் கசக்கினாள். அம்மா செய்கிறேன் என்றாள், விடவில்லை. எட்டு வருஷம் விடுதியில் இருந்தவளுக்குத் துணி துவைப்பது ஒரு மாதிரி ஜெபம். சனிக்கிழமை சாயங்காலம் வரிசையில் நிற்க வேண்டும், சிஸ்டர் ஒட்டிலியா ஒவ்வொருத்தியின் துணியாக எடுத்து மூக்கில் வைத்து முகர்ந்து பார்ப்பார். சோப்பு வாசனையைத் தவிர வேறு எந்த வாசனை இருந்தாலும் திருப்பிக் கையில் கொடுத்துவிடுவார், ஒரு வார்த்தை பேச மாட்டார். அந்தப் பேசாமை பயங்கரம். இன்று காலை பத்து மணிக்குப் பையைக் காயவைத்து எடுத்து, தானும் முகர்ந்து பார்த்தாள். ஒன்றுமே இல்லை. சுத்தம். சந்தோஷமாகத்தான் இருந்தது, நாலையும் மறுபடி அதற்குள் விட்டாள். அந்த வாசனைதான் அவற்றுக்கு வீடு, தகப்பன், தாய், பிள்ளை எல்லாம் என்று பத்து மணிக்கு அவளுக்குத் தெரியாது. பட்டரின் நெற்றியில் முடியில்லாமல் ஒரு வழுக்கை உண்டு. அதிலிருந்து ஊறுவதைத்தான் அது தன் கூட்டத்தின் மேலெல்லாம் தேய்த்து வைக்கிறதாம், இவள் என்னவள், இது என்னது என்று. அத்தனையையும் லோஷன் போட்டு அலசிவிட்டாள். “அடி கூறுகெட்ட பிள்ளை, நமக்குத்தாண்டி அது சுத்தம்” என்றாள் பானு அக்கா மத்தியானம் போனில், “அதுகளுக்கு வீட்டையே இடிச்சுத் தள்ளுன மாதிரி. தெரியாத எடம்னு பன்னு மெரண்டிருக்கும். மெரண்டா ஒண்ணத் தூக்கி வெளிய போட்டுரும். இல்லேன்னா…” இல்லேன்னா என்னக்கா. “போட்டுச்சேன்னு சந்தோசப்படு. சில சமயம் தின்னுரும்.”

தின்னுரும். எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். மழை வந்துரும், பால் பொங்கிரும் என்கிற மாதிரி. அந்தச் சொல் மத்தியானத்திலிருந்து தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது, விழுங்கினாலும் போகவில்லை, இருமினாலும் வரவில்லை. கெட்ட தாயா பன்? இல்லை. ரெக்ஸன் ஏழாம் மாதத்தில் இவளை விட்டுவிட்டுக் கப்பலுக்குப் போன பிறகு ராத்திரியில் இவளுக்கு இருந்த ஒரே துணை பன்தான். குட்டி போட்டதே யாருக்கும் தெரியவில்லை. ஒரு குருணை அரிசி அளவில், கண்ணும் இல்லாமல் காதும் இல்லாமல் வெளியே வந்து, அது பாட்டுக்கு முடியைப் பிடித்துப் பிடித்து ஏறி, தாயின் வயிற்றுப் பைக்குள் போய்க் காம்பைக் கவ்விக்கொள்ளுமாம். யாரும் தூக்கிவிட வேண்டாமாம். வயிற்றில் இரண்டு வேர்க்கடலை மாதிரிப் புடைத்திருப்பதைப் பார்த்துத்தான் தெரிந்தது. அப்போது இவளுக்கு எட்டாம் மாதம். இரண்டு பேரும் வயிற்றைத் தூக்கிக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். இவள் பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் பன் தன்னுடையதை உள்ளேயே வைத்துக்கொண்டிருந்தது. எழுபது நாள். இவளுக்கு அது பொறாமையாகக்கூட இருந்தது. வெளியே வந்தும் உள்ளேயே இருக்கலாம், யாரும் வந்து தூக்கிப் பார்த்து மூக்கு யார் மாதிரி என்று கேட்க மாட்டார்கள். எட்டு நாளைக்கு முன்னால்தான் இரண்டும் முழுசாக வெளியே வந்தன. கண் திறக்கவில்லை. வெல்வெட்டுத் துணியில் தைத்த மாதிரி உடம்பு, சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் பெரிது. ராத்திரி பன் தின்ன வந்தால் பட்டர் உள்ளே இருந்து அவற்றைப் போர்த்திக்கொள்ளும். தானாகச் சூடு வைத்துக்கொள்ள அவற்றுக்குத் தெரியாது. எட்டு நாளும் இவள் ஒருதடவைகூடத் தொடவில்லை. தொடாமல் இருந்ததை நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டுதான் இருந்தாள், பையைத் துவைக்கிற வரைக்கும்.

பன்னிரண்டரைக்குக் கூண்டின் அடியில் விரித்த செய்தித்தாளின் மேல் ஒரு குட்டி கிடந்தது. இரண்டில், முதுகுக்கோடு கழுத்தருகே கொஞ்சம் கலைந்திருக்கிற குட்டி. கழுவி வைத்த திராட்சை மாதிரிச் சில்லென்று இருந்தது. நெஞ்சுக்குள்ள வச்சுக்க, வேற எந்தச் சூடும் வேணாம், உடம்பு சூடாகிற வரைக்கும் ஒரு சொட்டும் உள்ள போகக் கூடாது, சில்லுன்னு இருக்கிற வயித்துல போனது அப்படியே நின்னுபோகும் என்றாள் பானு அக்கா. ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்து ஒரு மணி நேரம் அசையாமல் இருந்தாள். பிறகு ஊசி கழற்றிய சிரிஞ்சில் குளுக்கோஸ் தண்ணீர். வாய்க்குள் விடக் கூடாது, உதட்டில் ஒரு துளி வைத்தால் அதுவாக நக்கும். நக்கியது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் அடிவயிற்றைத் துடைத்துவிட்டால்தான் அதற்கு ஒன்றுக்கு வரும். வந்தது, கடுகளவு ஈரம். அதைப் பார்த்து அவளுக்குக் கண் கலங்கியது. அப்போதுதான் குட்டி முதல் தடவையாகச் சத்தம் போட்டது, உஸ்ஸ் என்று, அணைகிற தணலில் தண்ணீர் பட்டது போல, காதை வைத்துக் கேட்டால்தான் கேட்கும். அந்தச் சத்தத்துக்கு அவளுக்குப் பால் சுரந்துவிட்டது. சுருக்கென்று குத்தி இழுத்து, இரண்டு பக்கமும், ரவிக்கை நனைகிற அளவுக்கு. சொந்தப் பிள்ளை அழுது அழுது கறுத்துப்போகிறது, அதற்கு வராமல் புட்டிப் பாலும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒரு எலிக்குட்டி மாதிரி இருக்கிற எதற்கோ வருகிறது. இதை யாரிடம் சொல்ல. யாரிடமும் சொல்லவில்லை. சேலையை மாற்றிக்கொண்டாள். இப்போது மடியில் கிடக்கிறவளைப் பார்த்தால் அந்த ஈரம் ஞாபகம் வருகிறது, திருடியது போல இருக்கிறது. நீ எழுந்ததும் உனக்கும் வரும் பாரு, என்று சொல்லிக்கொண்டாள். விரலை மூக்குக்குக் கீழே வைத்தாள். இழை.

“ஏட்டி, இன்னும் அந்த அணிலையா பாத்துக்கிட்டு இருக்க?” அம்மா அடுப்படியிலிருந்து சத்தம் கொடுத்தாள். “பிள்ளையத் தொட்டில்ல போட்டா என்ன? மடிச்சூடு பழகிட்டா கீழ எறங்காது, சொல்லிட்டேன்.”

“இருக்கட்டும்மா.”

“என்ன இருக்கட்டும். காலையில குடிச்ச காப்பியோட கெடக்க. மத்தியானம் சோத்த அப்படியே மூடி வச்சிருக்க. நீ திங்காம பால் எங்கருந்து வரும்?”

“பன் வெளிய வரட்டும்மா. வந்ததும் சாப்பிடுதேன்.”

“நல்லா இருக்கு கதை. ஊருல எல்லாரும் புருசன் வரட்டும்னு பசியோட இருப்பாளுவ. இவ எலி வரட்டும்னு இருக்கா.”

ரெக்ஸனும் இப்படித்தான். மூன்று மணிக்கு எந்தக் கடலிலோ கொஞ்சம் சிக்னல் கிடைத்துக் குரல் அனுப்பியிருந்தான்: ஒண்ணு போனாலும் ஒண்ணு இருக்குல்லம்மா, நீ டென்ஷன் ஆகாத, பாப்பாவப் பாரு. பின்னால் இன்ஜின் சத்தம். அவனுக்குத் தெரியாது. இது குட்டியைப் பற்றியது மட்டும் இல்லை என்று அவனுக்கு எப்படித் தெரியும், அவள் சொன்னால் அல்லவா. பானு அக்கா சொன்னபடி ஐந்தரைக்குப் பட்டரைத் துணியோடு பிடித்து, அதன் நெற்றி வழுக்கையில் குட்டியை நாலு தடவை உரசி எடுத்தாள். பட்டர் பழைய மோட்டார் மாதிரிக் கத்தியது, பிறகு கத்துவதை நிறுத்திவிட்டுக் குட்டியை முகர்ந்தது, முகர்ந்துகொண்டே இருந்தது. தூங்குகிற பன்னின் பக்கத்தில் இரண்டையும் சேர்த்து இறக்கினாள். கையை எடுத்தாள். அவ்வளவுதான் மனுஷ வேலை, இனி அதுக வேலை. ஏத்துக்கிட்டா பொழைக்கும். தொறந்து தொறந்து பாத்தா மறுபடி மெரளும், மெரண்டா நா ஜவாப்தாரி இல்ல என்றாள் பானு அக்கா. பார்க்காமல் இருப்பதுதான் காப்பாற்றுவது. இப்படியும் ஒன்று உலகத்தில் உண்டா. பார்த்துக்கொண்டே இருப்பதுதான் தாய் என்றல்லவா எல்லாரும் சொல்கிறார்கள். அவள் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறாள், முப்பத்து மூன்று நாளும், இமைத்தால்கூடப் பயந்து. பார்க்கிற ஆள்தான் ஆபத்து என்றால்?

அதை நினைக்கக் கூடாது. நினைக்கக் கூடாது என்று நினைத்ததுமே மாடி வந்துவிட்டது, கைப்பிடிச்சுவரும் வெயிலும். பிள்ளைக்குக் கொஞ்சம் மஞ்சள் இருக்கிறது, காலையில் இருபது நிமிஷம் இளவெயில் காட்டுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, அடுப்படி வேலையோடு சரி. அதனால் தினமும் ஏழு மணிக்கு அவளே தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினாள். பதினாலாம் நாள். இடது தோளில் பிள்ளை, வலது கை அதன் முதுகில், இடுப்பளவு கைப்பிடிச்சுவர், கீழே சந்தில் இஸ்திரி வண்டிக்காரர் கரியை விசிறிக்கொண்டிருந்தார். ஒரு சத்தமும் இல்லை. பிள்ளையின் காது வெயிலில் சிவப்பாக, உள்ளே நரம்பு தெரிய, அவ்வளவு அழகாக இருந்தது. அப்போது வந்தது. இப்போது இந்தக் கையை எடுத்துவிட்டால். அவ்வளவுதான். ஆசை இல்லை, கோபம் இல்லை, யாரோ ஒரு அந்நிய மனுஷி பக்கத்தில் நின்று மணி என்ன என்று கேட்பது போல. அவள் சுவரை விட்டு விலகி, தண்ணீர்த் தொட்டிவரைக்கும் பின்னாலேயே நடந்து, தரையில் உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து தினமும் மாடிக்கு ஏறுகிறாள். தினமும் தொட்டிக்கும் படிக்கும் நடுவிலேயே, சுவரைப் பார்க்காமல், தரையில் உட்கார்ந்து, பிள்ளையை இரண்டு கையாலும் வயிற்றோடு அழுத்திக்கொண்டு வெயில் காட்டுகிறாள். தினமும் அந்த மனுஷி வந்து கேட்கிறாள். ராத்திரி தூங்கும் முன்னால் படுக்கையில் முழங்காலிட்டு அன்றைக்குச் செய்ததை, சொன்னதை, நினைத்ததை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள் விடுதியில். நினைத்ததும் கணக்குத்தான், செய்யவில்லையே என்று தப்பிக்க முடியாது. இவளும் பன்னிரண்டு வயதில் நினைத்ததற்கெல்லாம் அழுதிருக்கிறாள், பக்கத்துக் கட்டில் மரிய செல்வியின் ரிப்பனை நினைத்ததற்கு. ரிப்பன். இந்தச் சனிக்கிழமை, ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள், பாவசங்கீர்த்தனம். பெற்றவர்கள் சுத்தமாக வர வேண்டும். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் சாமியாரிடம் என்னவென்று சொல்வது. சாமி, என் பிள்ளையை என்னிடம் தனியாக விடாதீர்கள் என்றா. சொன்னால் பிள்ளையை வாங்கிக்கொள்வார்களா. சொல்லாவிட்டால் யார் தடுப்பது. ஆகவே அவளே தன்னைக் காவல் காத்தாள். யாரிடமும் பிள்ளையைக் கொடுக்காமல், கொடுத்தால் அவர்கள் கையும் வழுக்குமோ என்று, தன்னிடமும் முழுசாக விடாமல். பன் பயந்தது, தூக்கிப் போட்டது. கெட்டது என்பதால் இல்லை, பயந்ததால். பயந்தவர்கள் எதுவும் செய்வார்களா? பை அசைந்தது. இல்லை, மின்விசிறி. அந்தப் பைக்குள் என்ன நடந்திருக்கிறதோ அதுதான் தன்னைப் பற்றிய பதிலும் என்று எப்போது தீர்மானித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் தீர்மானித்துவிட்டாள். நாலு இருந்தால் ஒரு பதில். மூன்று இருந்தால் இன்னொன்று.

ஆறரைக்கு அப்பா வந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், செலஸ்டின். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டு, கைகால் கழுவி, நேராக இந்த அறை வாசலில் வந்து நின்றார். குரலைத் தணித்து, “என்னம்மா, பன்னு பட்டரோட ஜாம் என்ன ஆச்சு?” என்றார்.

“இன்னும் தெரியலப்பா. வெளிய வரல.”

“சரி, நீ எலியப் பாரு. எம் பேத்திய இங்க தா.”

“வேண்டாம்ப்பா. தூங்குதா.”

“எங்கையிலயும் தூங்குவா.”

“வேண்டாம்ப்பா, கழுத்து இன்னும் நிக்கல.”

“ஏளா, இருபது டன் பெட்டிய ஒரு முட்ட ஒடையாம லாரியில எறக்குதவன் நான். மூணரைக் கிலோவத் தூக்க மாட்டேனா?”

அவள் சிரிக்க முயன்றாள். கை தானாகப் பிள்ளையை இறுக்கியது. அப்பா நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். முப்பத்து மூன்று நாளில் அவர் ஒருதடவைகூடத் தூக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவர் கேட்கிறார், அவள் வேண்டாம் என்கிறாள், அவர் ஒரு வேடிக்கைப் பேச்சுப் பேசிவிட்டுப் போகிறார். தினமும். “அப்படியே அம்மா மாதிரி” என்று திரும்பி அடுப்படிப் பக்கம் குரல் விட்டார். “ஏ புஷ்பம், ஒம்மவளும் உன்ன மாதிரிதான் இருக்கா. இல்ல, இல்ல, நீ நேர்மாறு. நீ எப்பப் பாரு பிள்ளைய எங்கிட்டதான தள்ளிவிடுவ.”

“யாரு தள்ளிவிட்டா?”

“யாரா? இவ பொறந்தப்ப அந்தக் கிணத்து வீட்டுல இருந்தம்லா. நாப்பது நாளும் தண்ணி எறச்சது யாரு? ஷிப்டு முடிச்சு வந்து கொடங்கொடமா எறப்பேன். மகாராணி பிள்ளைய வச்சுக்கிட்டுக் கிணத்தடிக்கே வர மாட்டா. கிணத்தடிக் கதவக்கூடச் சாத்திக் கொண்டி போட்டு வச்சிருப்பா. அவ்வளவு சோம்பேறி.”

“ஆமா, சோம்பேறிதான். இப்ப அதுக்கென்ன? வந்து காப்பிய எடுத்துக் குடிங்க, ஆறுது.”

அம்மா எப்போதும் ஒன்றுக்கு நாலாகத் திருப்பிக் கொடுப்பாள். இப்போது கொடுக்கவில்லை. அடுப்படியில் பாத்திரம் வைக்கிற சத்தம்கூட நின்றுபோயிருந்தது. அப்பா சிரித்துக்கொண்டே முன்னறைக்குப் போய்விட்டார், அவர் ஒன்றும் கவனிக்கவில்லை. ஜெசிந்தா அப்படியே இருந்தாள். அம்மா சோம்பேறியா. விடிகாலை நாலரைக்கு எழுந்து வாசல் தெளிக்கிறவள், முழங்காலைப் பிடித்துக்கொண்டு இட்லிக்கு ஆட்டுகிறவள். கிணத்தடிக் கதவுக்குக் கொண்டி. தண்ணீர் எடுக்காமல் இருக்கச் சோம்பல் போதும். கதவைச் சாத்துவதற்கு எதற்குச் சோம்பல்? கதவைச் சாத்த வேறு என்னவோ வேண்டும். அந்தக் கிணற்றை அவளுக்கு ஞாபகம் இல்லை, இரண்டு வயதில் அந்த வீட்டை விட்டாயிற்று. போட்டோ ஒன்று இருக்கிறது: அம்மா இருபத்து மூன்று வயதில், ஒல்லியாக, கையில் துணிச் சுருள், அதுதான் ஜெசிந்தா. அம்மாவின் கண் கேமராவைப் பார்க்காமல் ஓரமாக எங்கேயோ இருக்கும். அந்த ஓரத்தில் என்ன இருந்தது. அந்த அந்நிய மனுஷி அப்போதும் இருந்தாளா. கிணற்றுச் சுவரில் சாய்ந்து நின்று மணி என்ன என்று கேட்டாளா. அம்மா பதில் சொல்லாமல் கதவைச் சாத்திக் கொண்டி போட்டாளா. நாற்பது நாள். போட்டாள், அதனால்தான் இவள் இருபத்தாறு வயதில் இங்கே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்? இல்லை, இப்படியெல்லாம் கதை கட்டிக்கொள்கிறேன், முழங்கால் வலிதான் அப்போதும் இருந்திருக்கும், இருபத்து மூன்று வயதில் முழங்கால் வலியா. நினைப்பு ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி நின்றது. ஆனால் இந்தத் தடவை அந்தச் சுற்றலில் கொஞ்சம் காற்று இருந்தது. வெளியே உப்பு லாரி ஒன்று போனது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து ஓய்ந்தது. வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. அவள் விளக்கைப் போடவில்லை. எத்தனை நேரமாக மூக்கின் கீழே விரல் வைக்கவில்லை என்று திடீரென்று தோன்றியது. வைக்கப் போனாள். பிள்ளை அதற்குள் தும்மியது.

ஏழு ஐந்துக்குப் பை குலுங்கியது. இது மின்விசிறி இல்லை. பையின் வாயில் ஒரு மூக்கு, பிறகு இரண்டு கறுப்புக் கண், பிறகு முழு உடம்பும். பன். தனியாக வந்தது. வயிற்றில் எதுவும் தொங்கவில்லை, முதுகில் எதுவும் இல்லை. கம்பியில் தலைகீழாக இறங்கி, வாயைக் கையால் துடைத்தது. எதைத் துடைக்கிறது. ஜெசிந்தா நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். எதைத் துடைக்கிறாய். பன் பப்பாளித் துண்டை இரண்டு கையாலும் எடுத்துக் கடித்தது, நிதானமாக, சாறு வழிய, பையின் பக்கம் ஒருதடவைகூடத் திரும்பாமல். இத்தனை பசியா உனக்கு. எல்லாவற்றையும் முடித்துவிட்டு வந்தவளின் நிதானமா, எல்லாவற்றையும் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தவளின் நிதானமா? முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. வெளிய வந்து திங்க ஆரம்பிச்சா ஒரு தடவ பாக்கலாம், ஒரு மூச்சு நேரம், அதுக்கு மேல வேணாம் என்றிருந்தாள் பானு அக்கா. பையின் வாயை ஒரு கையால் விரித்து, மறு கையால் அடியைத் தாங்க வேண்டும். இரண்டு கை வேண்டும். மடியில் பிள்ளை. தொட்டில் அடுத்த அறையில். பன் பப்பாளியை முடித்துவிட்டால் உள்ளே போய்விடும்.

“அப்பா” என்றாள்.

அவர் டம்ளரோடு வந்தார். அவள் பிள்ளையைத் தூக்கி நீட்டினாள். அவர் டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் தரையிலேயே வைத்துவிட்டு, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். ஒரு கை கழுத்துக்கு, ஒரு கை கீழே. அவர் வேடிக்கைப் பேச்சு எதுவும் பேசவில்லை. பிள்ளை அவர் கைக்குப் போனதும் தன் கைகள் எவ்வளவு லேசாகிவிட்டன என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. மேலே மிதந்துவிடும் போல. கூண்டுக் கதவைத் திறந்தாள். பன் கடிப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தது, பிறகு மறுபடி கடித்தது. பையின் வாயை விரித்தாள். கூண்டின் மேல் வைத்த போனின் வெளிச்சத்தில், மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். பட்டர் பந்தாகச் சுருண்டு கிடந்தது. வாலைச் சுற்றிப் போட்டிருந்தது. வாலுக்கும் தாடைக்கும் நடுவில், ஒன்றன் மேல் ஒன்றாக, ஒன்றின் கால் இன்னொன்றின் முகத்தில், இரண்டு. மேலே கிடந்ததன் முதுகுக்கோடு கழுத்தருகே கலைந்திருந்தது. உதட்டோரத்தில் காயாத பால், வெள்ளையாக. பட்டர் கண்ணைத் திறக்காமலேயே வாலை இன்னும் கொஞ்சம் இறுக்கியது. அவள் பையின் வாயை விட்டாள். அப்போதுதான் மூச்சு விட்டாள்.

“இருக்கா?” என்றார் அப்பா.

“இருக்குப்பா. ரெண்டும் இருக்கு.”

“பாத்தியா” என்றார் அவர், யாரிடம் என்று தெரியவில்லை, பிள்ளையிடமாக இருக்கலாம். அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு முன்னறைக்கு நடந்தார். அவள் தடுக்கவில்லை. போகட்டும். கூண்டைப் பூட்டினாள். நின்று கொஞ்ச நேரம் பன்னைப் பார்த்தாள். ஒருதடவை தூக்கிப் போட்டதுதான். மத்தியானம் அந்த வாயால் கவ்வி வெளியே போட்டதுதான் இப்போது பால் கொடுத்துவிட்டு வந்து பப்பாளி தின்கிறது. இரண்டும் ஒரே பன். அதற்கு வாசனை ஒன்று தேவைப்பட்டது, பக்கத்தில் இன்னொரு உடம்பு தேவைப்பட்டது, அவ்வளவுதான். அவள் நினைத்த மாதிரி அந்தப் பையில் அவளுக்கு எழுதி வைத்த பதில் ஒன்றும் இல்லை. இரண்டு குட்டிகள்தான் இருந்தன. ஆனாலும் கால் தானாக அடுப்படிக்குப் போனது.

அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது, மாவு ஊற்றவில்லை. ஜெசிந்தா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முன்னறையில் அப்பா பிள்ளைக்கு ஏதோ கப்பல் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“அம்மா” என்றாள். “எனக்குப் பிள்ளையத் தூக்கிட்டு நிக்கப் பயமா இருக்கு.”

அவ்வளவுதான் சொல்ல வந்தது. அம்மா திரும்பவில்லை. திரும்பினால் இவள் பேச்சை நிறுத்திவிடுவாள் என்று தெரிந்தவள் போலக் கையை நீட்டி அடுப்பை அணைத்தாள். என்ன பயம் என்று கேட்கவில்லை. எதற்கு என்று கேட்கவில்லை. சீ, என்ன பேச்சு இது என்றும் சொல்லவில்லை.

“எங்க வச்சு வருது?” என்று கேட்டாள்.

ஜெசிந்தா கதவு நிலையை விட்டு ஒரு அடி உள்ளே வந்தாள். “மாடியில.”

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். பிறகு, நாளைக்கு என்ன குழம்பு என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

“அப்ப மாடி வேண்டாம். எட்டு மணிக்கு நம்ம வாசல்லயே நல்லா வெயில் வருது. ரெண்டு பேருமா உக்காந்து காட்டுவோம்.”